லகரத்தின் மேல் இல்லாத புள்ளி

இறந்து ஐந்து மாதம் ஆன ஒருவன் விலை பேசியிருந்தான். அப்படித்தான் சொன்னது புகார்க் கட்டின் நடுவில் இருந்த 'இணைப்பு ஏழு'.

கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தி, எழுத்தின் தலையில் விட்டுப்போன புள்ளிகளைத் தேடியே மூக்குக்கண்ணாடி தடித்துப்போனதால் 'புள்ளி' என்றே நிலைத்துவிட்டது. அச்சகம் மூடிய பிறகு ஒரு வக்கீலுக்காகத் துப்புத் துலக்குகிறாள். இணைய முகவரி யாருக்குச் சொந்தம் என்று அடித்துக்கொள்ளும் வழக்குகள்தான் பெரும்பாலும். உதவியாளன் 'சில்லறை' முன்னாள் பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரு பல் செட் செய்யும் பட்டறையில். அலமாரி முழுக்கச் சுண்ணாம்புத் தாடைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண் சீட்டு.

"இத்தனை வாய் இருந்தும் ஒண்ணும் பேச மாட்டேங்குது மேடம். நல்ல இடம்" என்றான் சில்லறை.

கட்சிக்காரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நாற்பதைத் தொடும் வயது. இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை ஊன்றி, சூடான கரண்டியால் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி எப்ப போனார்மா?" புள்ளி கேட்டாள்.

"பதினாலு மாசம் ஆச்சு. காலைல வேலைக்குப் போறப்ப. பஸ்ல. கடைசி ஸ்டாப்ல எல்லாரும் எறங்கிட்டாங்க. இவன் எறங்கல." யாரோ ஒருவர் வீட்டு விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "முப்பத்தாறு வயசு. லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா குழிக்குள்ள நிக்கறவன். அங்க ஒண்ணும் ஆகல."

சில்லறை கொஞ்சம் தாமதமாகப் பேசினான். "நானும் ரெண்டு பேரை அப்படிப் பார்த்திருக்கேன். தூங்கறாங்கன்னுதான் தோணும்."

"அந்தக் கண்டக்டரும் அதேதான் சொன்னாராம்" என்று அவள் அடுத்த பல்லை எடுத்தாள்.

தம்பியை எல்லோரும் 'குமிழி' என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் வந்து நிற்கும் தளத்தில் ரசமட்டத்தை வைப்பான். அதற்குள் இருக்கும் காற்றுக்குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும் வரை வீட்டுக்குக் கிளம்ப மாட்டான். உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயரிலேயே ஒரு இணைய முகவரி வாங்கினான். மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் லிஃப்ட் தகராறுகளை எழுதிக் கேட்பார்கள். இவன் காசு வாங்காமல் பதில் எழுதுவான். அவ்வளவுதான் அந்தப் பக்கம். அவன் போன பிறகு, பக்கத்தை இணையத்தில் ஏற்றி வைத்திருந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆளில்லாமல் பக்கம் வெறுமையானது. முகவரியை மட்டும் அக்கா தன் பெயருக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

இப்போது 'குமிழி' என்ற பெயரில் சோப்பு விற்கும் கம்பெனி ஒன்று அதைக் கேட்கிறது. நடுவர் மன்றத்தில் புகார். பதில் சொல்ல இருபது நாள் அவகாசம். இன்று பத்தொன்பதாவது நாள்.

"சோப்பு வந்து மூணு வருஷம். தம்பி வாங்கி பதினொரு வருஷம்" என்றான் சில்லறை. "பேரன் பேரைத் தாத்தா திருடி வச்சுக்கிட்டார்னு புகார் குடுக்கற மாதிரி இருக்கு. இதுல என்ன கேஸ் மேடம்?"

"இவங்க தன் பேருக்கு மாத்தினது ஒரு வருஷம் முன்னாடி. கம்பெனி அந்தத் தேதியைத்தான் பிடிச்சுத் தொங்குது. சோப்பு பிரபலமானப்புறம் பேரை அமுக்கி வச்சுக்கிட்டு, பக்கத்துல ஒண்ணும் போடாம, எங்ககிட்டயே விலை பேசினாங்கன்னு சொல்றாங்க. குடும்பத்துக்குள்ள கை மாறினா புதுசா வாங்கினதாகாதுன்னு வக்கீல் வாதாடுவார். நடுவர் ஒத்துக்கவும் ஒத்துக்கலாம். ஆனா விலை பேசினது நிஜம்னு ஆயிட்டா கெட்ட எண்ணத்தோட வச்சிருந்தாங்கன்னு ஆயிடும். அப்புறம் வாதாடிப் பிரயோஜனம் இல்ல."

"விலை பேசினது இவங்க இல்லயே."

"அந்த முகவரியிலயே இருக்கற குமிழியோட மின்னஞ்சல்லேர்ந்து போயிருக்கு. ஒன்பது மாசம் முன்னாடி. அவர் போய் அஞ்சு மாசம் கழிச்சு."

அக்கா கரண்டியை விளக்கின் தீயில் காட்டினாள். "நான் எழுதல. அந்த மின்னஞ்சலோட பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது."

"ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இந்த முகவரி எதுக்கு?"

அவள் யோசித்தாள். "வேணுமான்னு கேட்டா தெரியல மேடம். அவன் பேர்ல அவன் வாங்கினது அது ஒண்ணுதான். கேக்கறாங்கங்கறதுக்காகத் தூக்கிக் குடுக்கத் தோணல. அவன் போனதுலேர்ந்து எனக்கு அழுகை வரல. வேற எதுவும் பெருசா வரல. இது ஒண்ணுதான் வேணாம்னு தோணுது."

புள்ளி இணைப்பு ஏழை மேஜை விளக்கின் அடியில் வைத்தாள். இரண்டு தாள்கள். ஒன்று மின்னஞ்சலின் படம். மற்றது கம்பெனி வக்கீல் அதைத் தட்டச்சு செய்து கொடுத்த படி. படத்தில் இருந்தது இவ்வளவுதான்:

பொருள்: முகவரி விற்பனை தொடர்பாக.
பார்வை: தங்களது மூன்றாம் தேதிய மின்னஞ்சல்.
ஐயா, பார்வையில் காணும் தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப் பெற்றேன். மேற்படி பெயருக்குக் கோடி கொடுத்தால

அத்தோடு படம் முடிந்தது. கீழே மிச்சம் என்று எதுவும் இல்லை.

அவள் ஒரு கண்ணாடியைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். சில்லறை வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது கண்ணாடி வந்தால் பேசக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

"தட்டச்சுப் படியில என்ன போட்டிருக்கு? படி."

"'கோடி கொடுத்தால்'. அதாவது, கோடி கொடுத்தா தர்றேன். பேரம்."

"அதுல ல் தலையில புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"படத்துல?"

சில்லறை குனிந்தான். "இல்ல. பிரிண்ட்ல தேஞ்சிருக்கும்."

"அதே வரில 'மின்னஞ்சல்'. அதுல மூணு புள்ளி. 'பெற்றேன்'ல ரெண்டு. எல்லாம் மை மாதிரி நிக்குது. இது மட்டும் தேயுமா?"

"அப்ப வெறும் ல-வா? 'கொடுத்தால'ன்னு நான் கேள்விப்பட்டதே இல்லயே."

"யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. அந்த எழுத்து எங்க நிக்குது பாரு. படத்தோட வலது ஓரத்துல. லு எழுதினா சுழி எந்தப் பக்கம் வரும்?"

சில்லறை காற்றில் விரலால் எழுதிப் பார்த்தான். விரல் வலது பக்கம் வளைந்து கீழே இறங்கியது. "சுழியைக் கத்தரிச்சுட்டாங்க. ல மட்டும் தப்பிச்சு நிக்குது."

"ம்."

"கொடுத்தாலு..." நிறுத்தினான். "கோடி கொடுத்தாலும்."

"ஆமா."

"கோடி கொடுத்தாலும்னு ஆரம்பிச்சுட்டு 'இந்தாங்க எடுத்துக்கங்க'ன்னு எவனும் முடிக்க மாட்டான் மேடம்."

அக்கா முதல் தடவையாகக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப விலை பேசல. மறுத்திருக்கு."

"மறுத்திருக்கு. ஆனா இதை மட்டும் சொன்னா, படத்துல புள்ளி மங்கிப்போச்சும்பாங்க. முழுக் கடிதம் வேணும். அதுக்கு எழுதின ஆள் வேணும்." புள்ளி தாளைத் தட்டினாள். "தம்பி எப்படி எழுதுவார்?"

அவள் கைபேசியை நீட்டினாள். தம்பியிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. 'அக்கா லேட் ஆவும் கதவ சாத்தாத'. நிறுத்தற்குறியே கிடையாது.

"இங்க 'பொருள்', 'பார்வை', 'மேற்படி'" என்றான் சில்லறை. "இது லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் எழுதினதா, லிஃப்டுக்கு அனுமதி குடுக்கற ஆபீஸ் எழுதினதா?"

"தம்பியோட லேப்டாப் யார்கிட்ட இருக்கும்மா?"

"நெட்டைகிட்ட இருக்கும். அவன்தான் தம்பிக்கு ஜோடி. லிஃப்ட் வேலைக்கு எப்பவும் ரெண்டு பேர்தானே போவாங்க. தம்பி போன அன்னிக்கு லேப்டாப் அவன் வண்டியில இருந்துச்சு. அப்புறம் நான் கேக்கல." சற்று நிறுத்திச் சொன்னாள். "எதையுமே கேக்கல."

*

நெட்டை ஒரு பதின்மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியில், இயந்திர அறையில் இருந்தான். லிஃப்டை அவன்தான் நிறுத்தி வைத்திருந்தான். ஏறிப் போவதைத் தவிர வழியில்லை.

எட்டாவது மாடியில் சில்லறை படியில் உட்கார்ந்தான். "மேடம், பஸ்ல இருபது வருஷம் நின்னுக்கிட்டே போனவன் நான். இப்படி நடந்துக்கிட்டே நின்னதில்ல."

"வாயை மூடிக்கிட்டு ஏறினா மூச்சு மிச்சமாகும்."

இயந்திர அறையில் மசகு நாற்றம். கம்பிவடங்கள் சுற்றிய பெரிய சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் நெட்டை. எழுந்தபோது தலை கூரையில் இடித்துவிடும் போலிருந்தது.

சில்லறை மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான். "செத்துப்போனவர் பேர்ல கடுதாசி போடறது பொழுதுபோக்கா தம்பி?"

நெட்டை அவனைப் பார்த்தான். பிறகு புள்ளியைப் பார்த்தான். பழந்துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"உங்களுக்கும் வந்துச்சா?" என்று கேட்டான்.

"என்ன வந்துச்சா?"

அவன் கைபேசியை எடுத்து, தேடி, புள்ளியிடம் கொடுத்தான். குமிழியின் முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சல். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

'பொருள்: லிஃப்ட் தளத்துக்கு நான்கு விரல் கீழே நிற்பது. பார்வை: தங்களது நேற்றைய மின்னஞ்சல். தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. பிரேக் கட்டையின் தேய்மானத்தை முதலில் சோதிக்கவும். கட்டை சரியாக இருப்பின் ஸ்பிரிங்கைப் பார்க்கவும். இப்படிக்கு, குமிழி.'

"நீங்கதான் முதல்ல எழுதினீங்களா?"

"ஆமா மேடம். ஒரு லிஃப்ட் ரெண்டு நாளா பிடி குடுக்கல. முன்னெல்லாம் அவனைத்தான் கேப்பேன். கை பழக்கத்துல எழுதிட்டேன். அனுப்பினப்புறம்தான் உறைச்சுது. மறுநாள் பதில் வந்துடுச்சு."

"பதில் சரியா இருந்துச்சா?"

"பிரேக் கட்டைதான். மாத்தினேன், நின்னுச்சு." அவன் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டான். "அது அவன் சொல்ற பதில் மேடம். ஆனா அவன் சொல்ற விதம் இல்ல."

"யாருன்னு திருப்பிக் கேக்கலயா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா நின்னுடும்."



"லேப்டாப் உங்ககிட்டதானே இருக்கு?" புள்ளி கேட்டாள்.

"இல்லயே. எல்லாம் முடிஞ்ச மறுநாளே வீட்டுல குடுத்துட்டேன். அவங்க அப்பா கையில. வாங்கிக்கிட்டு, ஒரு துண்டுத்தாள்ல 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு எங்கிட்டக் குடுத்தார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வாங்கிப் பர்ஸ்ல வச்சுக்கிட்டேன்."

"அப்பா என்ன வேலை பார்த்தவர்?"

"குடிநீர் ஆபீஸ்ல. வர்ற தபாலைப் பதிவு பண்ணி, பதில் அனுப்பற பிரிவு. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் இருக்கும்."

 சில்லறை படிக்கட்டைப் பார்த்தான்.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். அதுவும் பதின்மூணு மாடி."

*

அக்காவைப் பட்டறையிலிருந்து வரச் சொன்னாள் புள்ளி. காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மதியம் இரண்டரைக்கு வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்தாள்.

"அப்பா இந்நேரம் தம்பி ரூம்ல படுத்திருப்பார். சத்தம் போடாம வாங்க. பகல் பூரா படுத்துதான் இருப்பார்."

அறைக் கதவைத் தள்ளினாள்.

அவர் படுத்திருக்கவில்லை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பொத்தான்கள் கழுத்து வரை போட்டபடி, மேஜை முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிரே லேப்டாப். இடது பக்கம் எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப் புத்தகங்களின் அடுக்கு. முதுகில் ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தில் 'கதவு', 'பிரேக்', 'வடம்', 'பொத்தான்', கீழே 'குமிழி', ஆண்டு. மிகப் பழையது பதின்மூன்று வருடத்துக்கு முந்தையது. வலது பக்கம் நீளமான அட்டைப் பதிவேடு ஒன்று திறந்து கிடந்தது.

மகளைப் பார்த்தார். அந்நியர்களைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"நீ ஆறு மணிக்குத்தானே வருவே" என்றார்.

மகள் கதவுப்பிடியை விடவில்லை.

புள்ளி இணைப்பு ஏழை அவர் முன் வைத்தாள். "ஐயா, இதை எழுதினது நீங்கதானே?"

அவர் ஒரு தடவை படித்தார். "முழுசா இல்லயே" என்றார்.

"முழுசு உங்ககிட்ட இருக்கா?"

"அனுப்பினதுக்குப் படி இல்லாம எப்படி?" அவர் பதிவேட்டைப் புரட்டினார். "வரிசை எண் தொண்ணூத்தேழு." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, தொண்ணூற்றேழாவது தாளைச் சரியாகப் பிரித்து வைத்தார்.

சில்லறை சத்தமாகப் படித்தான். "'மேற்படி பெயருக்குக் கோடி கொடுத்தாலும் அதைத் தர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இது விஷயமாக இனி எழுத வேண்டாம். இப்படிக்கு, குமிழி.'" தாளைக் கீழே வைத்தான். "பணிவையும் சேர்த்து வெட்டியிருக்காங்க மேடம்."

கம்பெனி மூன்றாம் தேதி அனுப்பிய கேள்வியும் அடுத்த தாளாக இருந்தது. கேட்டது அவர்கள். மறுத்தது இவர். வழக்கின் முதுகெலும்பு அங்கேயே உடைந்துவிட்டது. யாருக்கும் மகிழ்ச்சி வரவில்லை.

"எப்ப ஆரம்பிச்சீங்க ஐயா?" புள்ளி கேட்டாள்.

"அவன் போன மூணாம் நாளே ஒரு லெட்டர் வந்தது. பதினோராவது மாடியில ஒரு அம்மா. லிஃப்ட் கதவு பாதி மூடி மறுபடி திறக்குதுன்னு. அவன் இல்லன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன்." நிறுத்தினார். "அந்த வாக்கியம் வரல. நோட்டைப் பார்த்தேன். கதவுக்குன்னு தனி நோட்டே போட்டிருக்கான். பதில் இருந்தது. எடுத்து எழுதி அனுப்பிட்டேன். அப்புறம் வந்துக்கிட்டே இருந்தது. முப்பத்தொரு வருஷம் நிலுவை வைக்காம வேலை பார்த்தவன் நான்."

"ஆனா அவர் பேரைப் போட்டு..."

"அவன் இருக்கையிலேர்ந்து போற கடிதம். இருக்கையோட பேரைத்தானே போடணும். என் பேரைப் போட்டா யாருக்குத் தெரியும்?"

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள். வந்த தேதி, யாரிடமிருந்து, விஷயம், பதில் அனுப்பிய தேதி. பக்கம் வெறுமையாகக் கிடந்த பதினான்கு மாதமும் அந்த முகவரி ஒரு வாரம் கூடச் சும்மா இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது. பழக்கதோஷத்தில் புள்ளி கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் தேதிகள். இடைவெளியே இல்லை.

ஓர் இடத்தில் விரல் நின்றது. வரிசை எண் அறுபத்தொன்று. பதில் தேதி எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

இடது பக்கம் பார்த்தாள். 'யாரிடமிருந்து' என்ற கட்டத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, பதிவேட்டை மகள் பக்கம் திருப்பினாள்.

மகள் கிட்டே வந்தாள். கோப்பில் அறுபத்தொன்றாவது தாளைத் தானே புரட்டினாள். அவள் தம்பிக்கு அனுப்பியது. அவன் போய் மூன்று மாதம் கழித்து, யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்து அனுப்பியது. ஒரே வரி.

'டேய், அப்பா சரியா சாப்பிட மாட்டேங்கறார், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலடா.'

"இதுக்குப் பதில் போடலயே" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"நோட்டுல இல்ல" என்றார் அவர். "எல்லா நோட்டையும் பார்த்தேன். அவன் என்ன சொல்லியிருப்பான்னு தெரியல." மேஜை விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை. "அன்னிக்கு நீ வந்து தட்டு வச்சே. சாப்பிட்டேன். மறுநாளும் சாப்பிட்டேன். எழுத முடியல. அதனால அப்படிச் செஞ்சேன்."

அவள் நினைவுபடுத்திப் பார்ப்பது தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆமா. திடீர்னு சாப்பிட ஆரம்பிச்சீங்க. டாக்டர் குடுத்த டானிக்னு நெனச்சேன்."

"அதை நான் குடிக்கல. கசந்தது."

சில்லறை ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

புள்ளி வக்கீலுக்குப் போன் செய்தாள். வெளிவராந்தாவில் நின்று பத்து நிமிடம் பேசிவிட்டு உள்ளே வந்தாள். கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

"ரெண்டு விஷயம். பதிவேட்டையும் கோப்பையும் முழுசா இணைக்கணும். ஒரு தாளை எடுத்துட்டுக் குடுத்தா, அவங்க பண்ணினதையே நாமளும் பண்ணினதாயிடும். அறுபத்தொண்ணு உட்பட. சோப்புக் கம்பெனி வக்கீல் படிப்பார். நடுவர் படிப்பார்."

"ரெண்டாவது?" மகள் கேட்டாள்.

"செத்தவர் பேர்ல ஏன் கையெழுத்துன்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும். அப்பா வாக்குமூலம் எழுதணும். இன்ன தேதியில என் மகன் இறந்தான், அதுக்கப்புறம் போனதெல்லாம் நான் எழுதினதுன்னு. மறைச்சா ஏமாத்து. சொல்லிட்டா ஒரு அப்பா பண்ணின காரியம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போகணும்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்பா. முகவரி போனாப் போகட்டும்."

"அறுபத்தொண்ணு போறது உனக்குப் பரவாயில்லயா?"

"போகட்டும். படிக்கட்டும்."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு விரலாகத் தட்டினார். முதல் பத்தி சீக்கிரம் வந்தது: பெயர், வயது, வகித்த பதவி. அதற்குப் பிறகு விரல் நின்றது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சொல்லித் தரவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. சில்லறை டீ வாங்கி வந்தான். நான்கும் ஆறிப்போயின. ஐந்தே முக்காலுக்கு அவர் திரையைப் புள்ளியின் பக்கம் திருப்பினார்.

'மேற்கண்ட தேதியில் என் மகன் இறந்துவிட்டான். அதன் பிறகு அவன் பெயரில் சென்ற இருநூற்றுப் பதின்மூன்று பதில்களும் என்னால் எழுதப்பட்டவை. ஒன்றுக்குப் பதில் எழுத இயலவில்லை.'

"இது சரியா இருக்கா பாருங்க" என்றார்.

"சரியா இருக்குங்க ஐயா" என்றாள் புள்ளி.

*

மறுநாள் நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பதில் போய்ச் சேர்ந்தது. ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒன்பது பக்கம். முகவரி குடும்பத்துக்கே சொந்தம், பெயர் இறந்தவனின் அழைப்புப்பெயர், கடிதம் கத்தரிக்கப்பட்டதை நடுவர் கண்டார், புகாரே கெட்ட எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது. அறுபத்தொன்றைப் பற்றி நடுவர் ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. புள்ளி போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். மறுமுனையில் பல்லைத் தேய்க்கும் சின்ன இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது.

"சரி மேடம்" என்றாள் அக்கா. சற்றுக் கழித்து, "அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள். பிறகு தானே சொல்வதாகச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அவர் கடிதம் எழுதினார். அதுவரை கேள்வி அனுப்பிய ஒவ்வொருவருக்கும். தன் மகன் இறந்த தேதி, அதற்குப் பிறகு அவர்களுக்கு எழுதியது யார் என்பது, அதற்கு மன்னிப்பு. இம்முறை தன் பெயரையே போட்டார். மாலையில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து முகவரிகளைச் சரிபார்த்தாள். இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை. பிறகு வர ஆரம்பித்தது. வருத்தம் தெரிவித்தவர்கள், கோபப்பட்டவர் ஒருவர், என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறும் வணக்கம் மட்டும் போட்டவர்கள். அவர் ஒவ்வொன்றையும் பதிவு செய்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை வந்தது ஒரு பழைய கட்டிடத்தின் காவல்காரரிடமிருந்து. மகள்தான் படித்துக் காட்டினாள்.

'ஐயா, எனக்கு அப்பவே தெரியும். பதிலில் திடீரென்று மரியாதை கூடிப்போனது. மகன் அப்படி எழுத மாட்டார். என்னமோ ஆகிவிட்டது, வீட்டில் யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நிற்க. எங்கள் லிஃப்டில் மூன்றை அழுத்தினால் ஐந்துக்குப் போகிறது. என்ன செய்யலாம்?'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மகள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நோட்டு அடுக்கின் பக்கம் போனாள்.

"இது எந்த நோட்டுலப்பா இருக்கும்?" என்று கேட்டாள்.